காட்டாத காவல்

டாக்டர் பேசி முடிப்பதற்குள் "சரி" சொன்னவள் மேல் சென்ற வாரத் தொடரிலேயே உங்களில் பலருக்குக் கோபம் வந்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள். மூத்த மகள் பெரியவள் அப்படித்தான்.

நடந்தது இதுதான். அம்மாவுக்குப் புற்றுநோய்க்காக இரண்டு சுற்று மருந்து ஏற்றியாகிவிட்டது. மூன்றாவது சுற்றும் ஏற்றலாம், ஏற்றினால் இன்னும் கொஞ்ச காலம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று டாக்டர் இழுத்தார். அம்மா வாயைத் திறக்குமுன் பெரியவள் முந்திக்கொண்டு, "ஏத்திடலாம் டாக்டர்" என்றாள். அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டு, கைப்பையின் ஜிப்பையும் இழுத்து மூடினாள். பெரியவள் அதைக் கவனிக்கவில்லை. அவள் அப்போதே திங்கட்கிழமைக்கு லீவு போடுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை தயாராக இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். வருகிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இன்று சனிக்கிழமை.

பெரியவளின் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். பெரிய பெரிய கட்டடங்களில் தீப்பிடித்தால் மணி அடிக்குமா என்று பார்க்கிற வேலை. நீளமான கம்பின் நுனியில் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் புகை பீய்ச்சும் டப்பா. கூரையில் புகையை மோப்பம் பிடிக்கும் வெள்ளை வில்லையை அந்தக் கிண்ணத்தால் மூடி ஒரு பீய்ச்சு பீய்ச்சினால், அதில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் பாஸ். எரியாவிட்டால் அந்த மாடியில் இருப்பவர்களைப் பெரியவள் ஒரு வழி பண்ணிவிடுவாள்.

இன்று காலை அவள் ஏறியிருந்தது ஒரு கணக்கு அலுவலகம். சனிக்கிழமையும் நாலைந்து பேர் தலை குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்ததும் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

"சும்மா சும்மா அடிக்கிறீங்களே மேடம், நெஜமாவே நெருப்பு வந்தா யாரு நம்புவா?" என்றார் மேலாளர்.

"நீங்க நம்பவே வேண்டாம் சார். எறங்கி ஓடுங்க, அது போதும்."

கம்பை மடக்கிக்கொண்டிருக்கும்போது தம்பி சின்னவனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, அம்மா சீட்டுப் பெட்டிய எறக்கச் சொன்னா. மத்தியானம் நீ வருவியான்னு கேக்கறா."

"அம்மாவேயா கேட்டா?"

"அம்மாவேதான்."

பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் சுற்று மருந்து ஏற்றிய நாளிலிருந்து அந்தப் பெட்டி அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடந்தது. அம்மாவே அதைக் கேட்கிறாள் என்றால் உடம்பு தேறிவிட்டது என்றுதானே அர்த்தம்? உடம்பு தேறிவிட்டால் மூன்றாவது சுற்றைத் தாங்கிவிடுவாள் என்றுதானே அர்த்தம்? சின்னவன் குரல் ஏதோ மாதிரி இருந்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேக்கரியில் விடிய விடிய மாவு பிசைந்துவிட்டு வந்தவன் குரல் வேறு எப்படி இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா மேஜை முன்னால் உட்கார்ந்து சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள். அவளே கலைத்துக்கொண்டிருந்தாள் என்பதைப் பார்த்ததும் பெரியவளின் கண் நிறைந்துவிட்டது. இரண்டாவது சுற்றுக்கு அப்புறம் அம்மாவின் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், தண்ணீர் டம்ளரைக்கூட இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து நடத்தியவள் அவள். கண்ணாடிக் காலை மாட்டுகிற எள்ளளவு திருகு விரலுக்குத் தட்டுப்படாமல் போன அன்றைக்கே கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு வந்துவிட்டாள்.

"என்னடி வாசல்லயே நிக்கற? கைய அலம்பிட்டு வா. உன் கையில எப்பவும் புகை நாத்தம்."

"வந்துட்டேன்மா. என்ன, இன்னைக்கு ஒரே குஷியா இருக்க?"

"வெளையாடத்தானே கூப்பிட்டேன், அழவா கூப்பிட்டேன்?"

எதிரே சின்னவன் உட்கார்ந்திருந்தான். அவனிடம் ஏதோ மாறியிருக்கிறது என்று பெரியவளுக்குத் தோன்றியது. அப்புறம்தான் கண்டுபிடித்தாள். மாதக்கணக்கில் பிளாஸ்திரி சுற்றி ஒப்பேற்றிக்கொண்டிருந்த அவன் மூக்குக்கண்ணாடியில் பிளாஸ்திரியைக் காணோம். ஒருவழியாகப் புதுசு வாங்கிவிட்டான் போலிருக்கிறது, இவனுக்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

இந்தச் சீட்டு நீங்கள் நினைக்கிற சீட்டு இல்லை. ராஜா ராணி கிடையாது. ஆளுக்குப் பத்துச் சீட்டில் ஆட்டம் ஆரம்பிக்கும், எட்டு செப்புக்காசு, இரண்டு காவல். மேஜை நடுவில் விதவிதமான சீட்டுகள் அடுக்கி வைத்திருக்கும். நம் முறை வரும்போது நம் கட்டிலிருந்து ஐந்தை எடுத்து, அதில் வந்த காசுக்கு நடுவிலிருந்து ஒன்றை வாங்கி நம் கட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கலைத்துக் கலைத்து எடுக்க, வாங்கினதெல்லாம் கைக்குத் திரும்பி வரும். போகப் போக ஆளுக்கு ஒரு தினுசாகக் கட்டு உருவாகிவிடும். கடைசியில் யார் கட்டில் தோப்புச் சீட்டு அதிகமோ அவர் ஜெயித்தவர்.

வம்பு எங்கே வருகிறதென்றால், கொள்ளையன் என்று ஒரு சீட்டு இருக்கிறது. ஒருவர் அதை இறக்கினால் மற்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு துருச்சீட்டு எடுத்துத் தங்கள் கட்டில் போட்டுக்கொண்டாக வேண்டும். துரு எதற்கும் உதவாது, கையில் வந்து இடத்தை அடைத்துக்கொண்டு உட்காரும். தப்பிக்க ஒரே வழி காவல். கொள்ளையன் இறங்குகிற சமயம் கையில் காவல் இருந்தால் அதைத் திருப்பிக் காட்டினால் போதும், துரு அண்டாது. காட்டுவதும் காட்டாததும் கையில் வைத்திருப்பவர் இஷ்டம். வேறு யாரும் வற்புறுத்த முடியாது. கடையிலிருந்த பூதக்கண்ணாடியை வைத்து விதித்தாளை வரி வரியாகப் படித்து, பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவளே அம்மாதான்.

காவல் என்றால் அம்மாவுக்கு உயிர். இருக்கிற இரண்டு போதாதென்று வாங்கிக் குவிப்பாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கோட்டை. கொள்ளையன் இறங்க வேண்டியதுதான் தாமதம், காவலை டப்பென்று மேஜையில் வைத்து, "வாசல்ல ஆள் இருக்கு!" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பெரியவள் கொள்ளையனாகப் பார்த்து வாங்குவதும் அதற்காகத்தான். ஜெயிப்பது தோற்பது எல்லாம் அப்புறம். தான் அடிக்க வேண்டும், அம்மா தடுக்க வேண்டும், அந்த ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வர வேண்டும். இன்றைக்கு அந்த வார்த்தைக்காக அவள் ஏங்கிப்போயிருந்தாள்.

ஆட்டம் சூடு பிடித்ததும் முதல் கொள்ளையனை இறக்கினாள்.

"அய்யோ, வந்துட்டான்யா!" என்று சின்னவன் காவலைக் காட்டித் தப்பித்தான்.

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கைச்சீட்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு கை நீட்டி ஒரு துருவை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"காவல் வரலியாம்மா?"

"ஆட்டத்தப் பாருடி."

அம்மா காவல் வாங்கவில்லை. உலை ஒன்று வாங்கினாள். வெள்ளிக்காசு வாங்கினாள், அதை வைத்துத் தோப்பு வாங்கினாள். அடுத்தும் தோப்பு. கோட்டைக்கு என்ன ஆயிற்று என்று பெரியவள் சிரித்தாள். சின்னவன் சிரிக்கவில்லை. தன் சீட்டுகளை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினான்.

அடுத்த முறை அம்மா உலையை இறக்கினாள். உலை இறங்கினால் கையிலிருக்கும் வேண்டாத சீட்டு ஒன்றை ஆட்டத்தை விட்டே தூக்கிப் போட்டுவிடலாம். துருவை ஒழிப்பதற்கென்றே எல்லாரும் அதை வாங்குவார்கள். அம்மா கையிலும் துரு இருந்தது. அவள் போட்டது துருவை இல்லை, காவலை.

"அம்மா! மாத்திப் போட்டுட்ட. அது காவல்."

"பாத்துத்தான் போட்டேன்."

"காவலப் போயி யாராவது உலையில போடுவாங்களா? எடும்மா, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"வச்ச சீட்ட எடுக்கக் கூடாது. உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது இத?"

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். "டேய், நீயாவது சொல்லேன்."

சின்னவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தான். அதில் துடைப்பதற்கு ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் பெரியவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. காரணம் தெரியவில்லை. எங்கேயோ ஒரு மாடியில் விளக்கு எரியாமல் இருக்கிறது, எந்த மாடி என்றுதான் தெரியவில்லை. அம்மா களைத்துவிட்டாள், மருந்து மூளையைக் குழப்புகிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திங்கட்கிழமை டாக்டரிடம் இதையும் கேட்க வேண்டும்.

இனி அம்மாவின் கட்டில் இருப்பது ஒரே ஒரு காவல். அது எது என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சின்னவன் பள்ளிக்கூடம் போகிற வயதில் பேனா மை கொட்டி, பின்பக்கம் நீலக்கறை படிந்த சீட்டு. எதிரில் உட்கார்ந்திருந்தாலே அது யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வேறு யாரும் அதை வைத்துக்கொள்ளச் சம்மதிக்காததால், ஒவ்வொரு ஆட்டத்திலும் அது அம்மாவுக்குத்தான். "தெரிஞ்சே அடிங்க, தெரிஞ்சே தடுக்கறேன்" என்பாள்.

அடுத்த கையை அம்மா எடுத்தாள். ஐந்து சீட்டில் நடுச்சீட்டின் முதுகில் நீலக்கறை தெரிந்தது.

பெரியவளின் கையில் கொள்ளையன் வந்திருந்தது.

அவள் அதை மேஜையில் மெதுவாக வைத்தாள். சின்னவன் காவல் இருக்கிறதா என்று பார்க்கக்கூட இல்லை, பேசாமல் ஒரு துருவை எடுத்துக்கொண்டான்.

"அம்மா, உன் முறை. காட்டு."

அம்மா துரு அடுக்கின் பக்கம் கையை நீட்டினாள்.

"அம்மா, உன் கையில காவல் இருக்கு."

"இருக்கு."

"அப்பக் காட்டு."

"காட்டல."

"ஏம்மா?"

"காட்டறதும் காட்டாததும் என் இஷ்டம். நானே உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"ஆட்டத்தச் சொல்லலம்மா நான்" என்று பெரியவள் கத்திவிட்டாள்.

"நானும் ஆட்டத்தச் சொல்லல."

 தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. அம்மா துருச்சீட்டு ஒன்றை எடுத்துத் தன் பக்கம் வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பெரியவள் சண்டை போட்டுச் சமாளித்திருப்பாள்.

"இத்தன வருஷமா கை நெறைய காவலா வச்சிருந்தேன். ஒருத்தராலயும் என்னத் தொட முடியல. எத்தன ஆட்டம் ஜெயிச்சிருக்கேன், சொல்லு?"



"ஒண்ணுகூட இல்லம்மா" என்றான் சின்னவன் தரையைப் பார்த்துக்கொண்டு.

"காவலுக்கே கை நெறஞ்சுபோச்சு. தோப்பு வாங்கக் காசு எங்க மிஞ்சும்? டேய், அந்தக் கண்ணாடியக் குடு."

சின்னவன் கழற்றிக் கொடுத்தான். அம்மா அதைத் திருப்பி, கால் சேரும் இடத்தைப் பெரியவளின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அது புதுக் கண்ணாடி இல்லை. பழைய கண்ணாடிதான். பிளாஸ்திரி இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு திருகு.

"நான் போட்டது. என் விரலாலயே எடுத்து, நானே வச்சு முடுக்கினது. நாலு தடவ கீழ விழுந்துச்சு. அஞ்சாவது தடவ நின்னுச்சு. விரல்ல உணர்ச்சி திரும்பி வருதுடி. காலையில போர்வையத் தொட்டா போர்வைன்னு தெரியுது."

"நல்ல விஷயம்தானேம்மா. அப்பத் தெம்பா இருக்கன்னு அர்த்தம். மருந்து..."

"திரும்ப ஏத்தினா திரும்ப மரத்துடும். அப்புறம் அது வரவே வராதுன்னு டாக்டர் சொன்னாரே, கேட்டியா?"

கேட்கவில்லை. பெரியவள் அந்த இடத்தில் லீவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எத்தன நாள்னு தெரியாது. கம்மியாத்தான் இருக்கும். இருக்கற நாள்ல ஷட்டரத் தெறந்து உக்காந்துக்கறேன். நாலு பேருக்குக் கண்ணாடி மாட்டி விடறேன். படுக்கையில கெடந்து கூரையையே பாத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாதும்மா."

பெரியவளுக்கு யார் மேலாவது பாய வேண்டும் போலிருந்தது. கைக்கு அகப்பட்டவன் தம்பிதான்.

"உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எப்பலேர்ந்து?"

"கண்ணாடியச் சரி பண்ணின அன்னைக்குச் சொன்னா."

"தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்திருக்க! நான் ஒருத்தி அங்க பைத்தியம் மாதிரி படுக்கைக்கும் ரூமுக்கும் அலைஞ்சுகிட்டு இருக்கேன். நீ கூட உக்காந்து திருகு முடுக்கிக்கிட்டு இருந்திருக்க. அம்மாவ விட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டியா நீ?"

"அக்கா, போதும்." சின்னவன் குரல் உடைந்தது. "நான் சந்தோஷமா தலையாட்டினேன்னு நெனைக்கறியா? மாவு பெசையறப்ப அழுது தொலைக்கறேன். கூட வேலை பாக்கறவன் உப்பு ஜாஸ்தியாகப் போவுதுடான்னு கிண்டல் பண்றான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னவனும் அழுதுகொண்டே சிரித்தான். பெரியவளால் மட்டும் முடியவில்லை. அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சீட்டுகள் நெற்றியில் ஒட்டின. பத்து மாடி, இருபது மாடி என்று ஏறி இறங்கி ஊரான் வீட்டையெல்லாம் நெருப்பிலிருந்து காவல் காத்தவள், சொந்த வீட்டில் ஒன்றும் செய்ய முடியாமல் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினாள்.

"எனக்கு நீ வேணும்மா."

"தெரியும்டி."

"இன்னும் கொஞ்ச நாளாவது..."

"தெரியும். அதனாலதான் உன்கிட்ட வாயால சொல்ல முடியல. சீட்டுப் பெட்டிய எறக்கச் சொன்னேன். நீ ஆட்டத்துல எதையும் விடமாட்ட, எப்படியும் கண்டுபிடிச்சுடுவன்னு தெரியும்."

அம்மா கையை நீட்டி மகளின் தலையில் வைத்தாள். விரல் நுனிகள் முடியை மெல்ல அளைந்தன, ஒவ்வொரு இழையாகப் பிரித்துப் பார்ப்பது போல. அந்த விரல்களுக்கு இப்போது தெரிகிறது என்பது பெரியவளுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அப்போது போன் அடித்தது.

துருச்சீட்டு அடுக்கின் பக்கத்தில் பெரியவளின் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. திரையில் ஆஸ்பத்திரியின் எண். மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"எடு" என்றாள் அம்மா.

"நீயே பேசிடும்மா. உன் முடிவுதானே."

"எனக்காக எப்பவும் நீதானே பேசுவ. இன்னைக்கும் நீயே பேசு. நான் சொன்னதச் சொல்லு."

"என்னால முடியாதும்மா."

"முடியும்."

போன் விடாமல் அடித்தது. சின்னவன் அக்காவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கண்ணாடி இல்லாத அவன் முகம் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. பெரியவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"வணக்கம் மேடம், திங்கட்கிழமை அட்மிஷன் விஷயமாக் கூப்பிடறோம். அம்மாவக் கூட்டிட்டு வர்றீங்கதானே? உறுதி பண்ணிக்கலாமா?"

அம்மா அவளைப் பார்க்கவில்லை. நீலக்கறைச் சீட்டை எடுத்து அதன் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். மேஜை நடுவில் தோப்பு இன்னும் மிச்சமிருந்தது.

"வந்து..." என்றாள் பெரியவள். அம்மாவின் விரல் சீட்டின் ஓரத்தில் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹலோ? மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள் பெரியவள்.